மக்ரூனும் மழையும்: தூத்துக்குடியில் ஒரு சீசன் வேலை

டிசம்பர் 11, வியாழன்

முட்டை லாரியில் வந்து இறங்கினேன். பஸ்ஸில் வருவதாகத்தான் இருந்தது. அப்பாதான், "சரக்கே அங்கதான் போகுது கண்ணு, எதுக்கு வீணா டிக்கெட்டுக் காசு?" என்று நாமக்கல்லில் டிரைவர் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

செமஸ்டர் முடிந்து கல்லூரி திறக்க ஜனவரி ஆகும். வீட்டில் இருந்தால் பண்ணையில் தீவனம் அள்ள வேண்டியதுதான். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தூத்துக்குடி நண்பன், "டிசம்பர்ல எங்க ஊருக்கு வாலே, வேலையும் உண்டு, பண்டிகையும் உண்டு" என்று சேர்ந்த நாளில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் மாமாவுக்குத் தெரிந்த பேக்கரியில் கிறிஸ்துமஸ் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள். நாள் கூலி 600 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடு, டீக்குக் கணக்கில்லை. கேட்டரிங் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முட்டை வண்டிகள் பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்பும். வெயில் முட்டைக்கு ஆகாது. கரூர், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை என்று ராத்திரி முழுக்க ஓட்டம். நல்ல சாலைதான், ஆனாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவர் அண்ணன் வண்டியைக் கும்பிடாத குறையாக ஏற்றி இறக்கினார். எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தியபோது விடிகாலை நாலு. தேதியைப் பார்த்தால் டிசம்பர் 11. பாரதி பிறந்த ஊரில், பாரதி பிறந்தநாளில் நிற்கிறோம் என்று அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா? இங்க டீ நல்லாருக்கும், அதான் நிறுத்துவேன்" என்றார்.

தூத்துக்குடிக்குள் நுழையும்போது வெளிச்சம் வந்துவிட்டது. உப்பளங்களில் உப்பைக் காணோம், வெறும் மழைத்தண்ணீர்தான் நின்றது. இந்த மாதங்களில் அங்கே வேலை இருக்காதாம்.

பேக்கரியில் முட்டை அட்டைகளை இறக்கி முடித்ததும் மாஸ்டர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அறுபது வயது இருக்கும், கைலி, தலையில் துண்டு.

"எந்த ஊரு தம்பி?"

"நாமக்கல்லுங்க."

"சரியாப் போச்சு. அப்ப முட்டை ஒடைக்க உக்காரு."

டிசம்பர் 12, வெள்ளி

முட்டை உடைப்பது என்றால் என்ன என்று நேற்றில் இருந்துதான் தெரியும். பேக்கரியின் பின்கட்டில் ஸ்டூல் போட்டு மூன்று அக்காக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நாலாவதாக நான். முட்டையை ஒரு சின்னக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி உள்ளங்கையில் ஊற்ற வேண்டும். விரலிடுக்கு வழியாக வெள்ளைக்கரு கிண்ணத்தில் வழியும், மஞ்சள்கரு கையில் நிற்கும். நாங்கள் கல்லூரியில் செய்வது போல ஓட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தால் மாஸ்டருக்குப் பிடிக்காது. "ஓட்டு முனை மஞ்சக்கருவக் கிழிச்சிரும்லா" என்பார்.

கிண்ணத்தில் இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். மஞ்சள்கரு ஒரு சொட்டு கலந்தாலும் போச்சு. அதில் இருக்கும் கொழுப்பு வெள்ளைக்கருவை நுரைத்து எழ விடாது. இதைப் புரதம், காற்றுக்குமிழி என்று படம் போட்டு எங்களுக்கு ஒரு வாரம் நடத்தினார்கள். இங்கே எலுமிச்சை மூடியால் பாத்திரத்தை ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டு, "பிசுக்கு இருக்கப்படாது" என்றதோடு பாடம் முடிந்தது.

இத்தனை வெள்ளைக்கருவும் மக்ரூன் என்ற முந்திரிப் பண்டத்துக்கு. மஞ்சள்கரு கேக்குக்கும், பன்னுக்கு மேலே தடவவும் போகும். அதற்கும் மிஞ்சினால் பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் வாளியோடு வந்துவிடுவார்.

தங்கியிருப்பது தெரேஸ்புரத்தில், நண்பன் வீட்டில். கடல் இரண்டு தெரு தள்ளி. ராத்திரி நடந்து வரும்போது வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குகிறது. காகிதத்தில், பிளாஸ்டிக்கில், வலைக்கயிற்றில் கோத்த சீரியல் பல்பில் என்று எல்லா வகையும் இருக்கிறது. ஒரு வீட்டில் பழைய துடுப்பை நட்டு அதன் உச்சியில் கட்டியிருந்தார்கள். முதுகு விட்டுப்போகிறது, தூங்கப் போகிறேன்.

டிசம்பர் 13, சனி

இன்று ராத்திரி மக்ரூன் போடுவதை முழுக்க நின்று பார்த்தேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தூத்துக்குடி மக்ரூனில் மொத்தம் மூன்றே பொருள்: வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, கலர் கிடையாது. பெரிய ஓட்டல்களில் நடுவே க்ரீம் வைத்துப் பச்சையும் ரோஸுமாக விற்கும் பிரெஞ்சுப் பண்டத்துக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். ஐரோப்பாவில் பாதாமில் செய்தது இந்தக் கரைக்கு வந்து முந்திரிக்கு மாறியிருக்கிறது. கொண்டுவந்தது போர்ச்சுகீசியரா டச்சுக்காரரா என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த முந்திரியே நம்முடையது இல்லை என்பது. அது பிரேசில் மரம், போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்து நட்டது. விருந்தாளியாக வந்த இரண்டு பேர் இந்த ஊரில் சம்பந்தம் பண்ணிக்கொண்டார்கள்.

முந்திரி கொல்லத்தில் இருந்து வருகிறது. உடைந்த பருப்புதான், பொடியாக்கப் போவதற்கு முழுப் பருப்பு எதற்கு? ரவையைவிடக் கொஞ்சம் நைசாக அரைக்க வேண்டும். மெஷின் இன்னும் இரண்டு சுற்று அதிகமாக ஓடினால் எண்ணெய் விட்டுவிடும், எண்ணெய் விட்டால் நுரை அமுங்கிவிடும். மெஷினை நிறுத்துகிற நேரத்தை மாஸ்டர் சத்தத்தை வைத்துச் சொல்கிறார். அந்தப் பக்கம் திரும்பாமலேயே "போதும், நிறுத்து" என்பார்.

வெள்ளைக்கரு அடிப்பதும் இப்போது மெஷினில்தான். சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி அடிக்க அடிக்க, நிறமில்லாமல், கொழகொழவென்று கிடந்தது வெள்ளைவெளேரென்று மலை போல எழும்புகிறது. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள், அசையக் கூடாது. அதோடு மெஷினின் வேலை முடிந்தது. முந்திரிப் பொடியைக் கலப்பது மாஸ்டரின் வலது கை மட்டும்தான். முழங்கை வரை கழுவித் துடைத்துவிட்டு, அடியில் இருந்து அள்ளி மேலே மடிப்பார், பாத்திரத்தை இடது கையால் திருப்புவார். நான் எண்ணிப் பார்க்க முயன்றேன். "என்ன எண்ணுதே? கை கனத்தா நிறுத்தணும், அவ்வளவுதான்" என்றார்.

பிறகு காகிதக் கூம்பில் நிரப்பி, காகிதம் விரித்த தட்டுகளில் வரிசையாகப் பிழிகிறார்கள். பிழிந்து கடைசியில் மணிக்கட்டைச் சட்டென்று மேலே இழுக்கும்போது அந்த முனை வருகிறது. அந்தக் கூர்முனை இல்லாத மக்ரூனை இந்த ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள்.

அடுப்பு விறகு அடுப்பு. பகலில் ரொட்டியும் பன்னும் வெந்து, தீ அணைந்து, செங்கல்லில் சூடு மட்டும் மிச்சம் இருக்கும் நேரம் பார்த்துத்தான் மக்ரூன் தட்டு உள்ளே போகும். மாஸ்டர் கையை அடுப்பு வாய்க்குள் நீட்டிச் சற்று நேரம் வைத்திருந்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னும் ஒரு டீ" என்றார். அதாவது ஒரு டீ குடிக்கிற நேரம் ஆற வேண்டுமாம். டீ குடித்துவிட்டு மறுபடி கையை விட்டார், தலையாட்டினார். தட்டுகள் போயின, கதவு மூடியது, இனிமேல் விடிகாலையில்தான் திறப்பார்கள். மக்ரூன் அங்கே வேகவில்லை, காய்கிறது என்பதே சரி. சிவந்தால் கழிவு. வெள்ளையும் சந்தனமுமாக ஒரு நிறத்தில், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே லேசான பிசுபிசுப்புமாக வர வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

மதியத்துக்கு மேல் விடுமுறை. ஆனால் காலையில் நண்பனின் அம்மா, "எய்யா, நீயும் பூசைக்கு வாறியா?" என்று கேட்டதால் மாஸ்டரிடம் ஒரு மணி நேரம் கடன் சொல்லிவிட்டுப் பனிமய மாதா கோயிலுக்குப் போனேன். ஆகஸ்ட் 5ஆம் தேதித் திருவிழாவுக்கு ஊரே திரளும் கோயில். மாதா சுரூபம், அதாவது சிலை, 1555இல் மணிலாவில் இருந்து வந்தது என்கிறார்கள். இப்போது இருக்கும் கட்டடம் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது. 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு, அவர்கள் ஆட்சி நடக்கும்போதே இவ்வளவு பெரிய கத்தோலிக்கக் கோயிலை எழுப்பியிருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் புராட்டஸ்டண்ட். முத்துக்குளிக்கிறவர்களைப் பகைத்துக்கொண்டு இங்கே வியாபாரம் செய்ய முடியாது என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வளையம், அதில் நான்கு மெழுகுவத்தி. ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுகிறார்கள். மூன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று மட்டும் ரோஸ். இன்று மூன்றாவது ஞாயிறு என்பதால் ரோஸ் எரிந்தது. காத்திருக்கிற காலத்தில் பாதி தாண்டிவிட்டது, கொஞ்சம் சந்தோஷப்படலாம் என்பதற்காம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்தத் திருவருகைக் காலம் முழுக்க ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம் பாட மாட்டார்கள், கிறிஸ்துமஸ் ராத்திரிக்குத்தான் அது திரும்ப வரும் என்று நண்பன் காதில் சொன்னான். அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் வீட்டில், இயேசு பிறந்த காட்சியை வைக்கும் குடில் வேலை. நண்பனின் தங்கை தேங்காய் ஓட்டிலும் தட்டிலும் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்து வைத்திருக்கிறாள். 24ஆம் தேதிக்குள் விரலளவு வளர்ந்தால் குடிலுக்குப் புல்வெளி தயார். அதற்குத் தினமும் தண்ணீர் தெளிப்பதும், தெளித்தது யார் என்று சண்டை போடுவதும் வீட்டில் நடக்கிறது. குடிலில் ஆட்டிடையர்களோடு ஒரு மீன்பிடி வள்ளமும் உண்டு. அவர்கள் அப்பா மரத்தில் செதுக்கியது, கையளவு வலை சகிதம். பெத்லகேமில் கடல் ஏது என்று கேட்டேன். "எங்க குடில்ல உண்டு" என்றாள்.

டிசம்பர் 17, புதன்

மழை. இந்த வேலையின் முழுத் தலைவலியும் இன்றுதான் புரிந்தது.

மக்ரூனுக்கு எதிரி ஈரக்காற்று. சர்க்கரையும் காய்ந்த நுரையும் சேர்ந்த பண்டம், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நமத்துப் போகும். இதற்கு நல்ல மாதம் வெயில் காய்கிற மே, ஜூன். ஆனால் ஊர் முழுக்க மக்ரூன் கேட்பது டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை காலத்தில். வருடத்திலேயே மோசமான காற்று அடிக்கும் நேரத்தில்தான் வருடத்திலேயே அதிகமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. சீசனுக்கு இத்தனை பேரைக் கூடுதலாக எடுப்பதே இதற்காகத்தான். அடுப்பில் இருந்து எடுத்ததும் ஆறுகிற நேரம் மட்டும் கொடுத்து, உடனே டின்னிலும் கவரிலும் அடைத்தாக வேண்டும்.

பேக்கிங் அறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது. பழைய குண்டு பல்புகளை வரிசையாக எரிய விட்டிருக்கிறார்கள், வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. உள்ளே பத்து நிமிடம் நின்றால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பேக்கிங் அக்கா ஒரு மக்ரூனை எடுத்து மேஜையில் லேசாகத் தட்டுவார். 'டொக்' என்று கேட்டால் கவருக்குள், சத்தம் மந்தமாக இருந்தால் தனித் தட்டுக்கு. அந்தத் தட்டு மறுபடி இளஞ்சூட்டுக்குப் போகும். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. சாயங்காலம் ஆக ஆகத்தான் வித்தியாசம் பிடிபட்டது, பிறகு அக்கா என்னை நம்பித் தட்டையே கொடுத்துவிட்டார்.

மழை வலுத்தபோது அறையில் பேச்சு நின்றுவிட்டது. 2023இல் இதே டிசம்பர் 17, 18 தேதிகளில்தான் அந்தப் பெரு வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே தவித்ததை டிவியில் நானும் பார்த்தேன். பேக்கிங் அக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்த வருடம் பேக்கரியில் அடுப்பே பற்றவைக்க முடியாமல், செய்து வைத்திருந்த சரக்கை நிவாரண முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். "ஈரத்துல நமத்ததத்தான் கொடுத்தோம். புள்ளைங்க சாப்பிட்டுச்சுங்க, ஒண்ணும் சொல்லல" என்றார் அக்கா. பிறகு எல்லாரும் வேலையைப் பார்த்தோம். ராத்திரி எட்டு மணிக்கு வானம் விட்டது.

டிசம்பர் 20, சனி

வேலை முடிந்து வந்தவனைப் பிடித்துக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கிவிட்டார்கள். அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) பையன்கள் வீடு வீடாகக் கேரல் போகிறார்கள். வழக்கமாக வேஷம் போடுகிறவர் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார், உடுப்பு நீளமானது, உயரத்துக்கு நான்தான் சரியாக இருந்தேன். வெல்வெட் அங்கி, வயிற்றுக்குத் தலையணை, அதற்கு மேல் பிளாஸ்டிக் முகமூடி. பேக்கிங் அறையே தேவலை.

முன்னால் குட்டியானை வண்டியில் ஜெனரேட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர். பின்னால் டிரம்ஸோடு நாங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், அதற்குப் பிறகு டீ, முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம். நான் முகமூடியைக் கழற்றக் கூடாது என்பது விதி, ஆகவே மற்றவர்கள் சாப்பிடுவதை இரண்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டி மட்டும் ஓரமாகக் கூட்டிப் போய், "குடிய்யா, யாரும் பாக்கல" என்று டம்ளரைக் கொடுத்தார்.

மிட்டாய் கொடுத்துக்கொண்டே போகும்போது ஒரு பொடியன் வழிமறித்தான்.

"தாத்தா, எங்க ஊருக்கு எதுல வந்த?"

"முட்டை லாரியில."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொய் சொல்லுது. இது தாத்தா இல்ல" என்று தெருவுக்கே அறிவித்தான். உண்மையைச் சொன்னதற்கு இந்தக் கதி.

முடியும்போது மணி ஒன்று. காணிக்கைப் பணத்தில் ஒரு பகுதி, படிக்க வசதியில்லாத பிள்ளைகளின் பீஸுக்குப் போகுமாம்.

டிசம்பர் 22, திங்கள்

எழுத நேரமில்லை. கவுண்டரில் போட்டுவிட்டார்கள். பிளம் கேக், மக்ரூன், மறுபடி பிளம் கேக். துபாய்க்கு அனுப்பும் அண்ணன், சென்னைக்குப் பஸ்ஸில் பார்சல் போடும் அத்தை, "காலைல எடுத்ததா, நேத்து எடுத்ததா?" என்று ஒவ்வொரு கவராக அழுத்திப் பார்க்கும் பெரியவர். வாங்க வருகிறவர்களில் சரிபாதிப் பேர் நெற்றியில் விபூதி வைத்தவர்கள். தீபாவளிக்குப் பலகாரம் வந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று வாங்கிப் போகும் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், கேக் சீசன் தவறக் கூடாது என்று வரும் மற்றவர்கள் ஒரு பக்கம்.

முட்டை விலை வேறு ஏறியிருக்கிறது. டிசம்பரில் நாமக்கல் விலை ஏறுவது வழக்கம்தான். முதலாளி அண்ணாச்சி பேப்பரை மடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், என்னவோ நான்தான் கோழிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது போல.

டிசம்பர் 24, புதன் (எழுதுவது 25 விடிகாலை)

ராத்திரி பத்தரைக்குத்தான் ஷட்டரை இறக்கினோம். கடைசி வாடிக்கையாளர் ஒரு கான்ஸ்டபிள், டூட்டிக்கு நடுவே ஓடி வந்தார். அரைக் கிலோ கேக்தான் மிச்சம் இருந்தது. மக்ரூன் எட்டு மணிக்கே காலி. மாஸ்டர் தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். மாவு பறந்தது. இத்தனை நாளில் அவர் தலைமுடியை இன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனதும் நண்பனின் அம்மா ஒரு புதுச் சட்டையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இந்த வீட்ல இருந்து பூசைக்குப் போற யாரும் பழைய சட்டை போடப்படாது. போ, குளி" என்றார். குளித்துவிட்டு எல்லாரும் நடந்தே போனோம். நாட்டுப்படகுகள் எல்லாம் கரையில், சிலவற்றில் ஸ்டார் எரிந்தது. கடலுக்கு யாரும் போகவில்லை.

பனிமய மாதா கோயிலில் உள்ளே இடமில்லை. வளாகம் முழுக்க நாற்காலி, பாய், பிள்ளைகளுக்கு விரித்த போர்வை. நாங்கள் சுவரோரம் நின்றோம். பதினொன்றரைக்குத் தொடங்கியது. எனக்குக் கண் சொருகியது என்பதுதான் உண்மை. முட்டை, கவர், சில்லறை எல்லாம் கண்ணுக்குள் ஓடின. அப்போது வானவர் கீதத்தைத் தொடங்கினார்கள். அதே நொடியில் கோயில் மணிகள் எல்லாம் அடிக்கத் தொடங்கின, பீடத்துச் சிறுவர்கள் கையில் இருந்த கைமணிகளும் சேர்ந்து. திரை விலகி, குழந்தை இயேசு சுரூபத்தைக் குருவானவர் தூக்கிக் காட்டினார். வெளியே வெடி. போர்வையில் கிடந்த குழந்தைகள் மொத்தமும் விழித்து அழுதன. வாரக்கணக்கில் பாடாமல் வைத்திருந்த பாட்டு என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற தாத்தா ஒருவர் ஒரு வரி கூட விடாமல், சுருதியே இல்லாமல், உரக்கப் பாடினார்.

பூசை முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். கூட்டத்தில் மாஸ்டரைப் பார்த்தேன். திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டிருப்பவர், கோயில் வாசலில் நின்று பேரனுக்குப் பலூன் வாங்கிக்கொண்டிருந்தார். "வருசா வருசம் வருவேன் தம்பி. நம்ம கேக்கு ஜனத்துக்குப் பிடிச்சிருக்கான்னு முகத்தைப் பாத்தா தெரியும்லா" என்றார்.

டிசம்பர் 25, வியாழன்

எழுந்தது பத்து மணிக்கு. இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ. கோயில்காரர்கள் விடிகாலை நாலு மணிக்கே ஆராதனை முடிக்கப் போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டு அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்.

பிறகு தட்டு கொடுக்கும் படலம். அதிரசம், முறுக்கு, முந்திரிக்கொத்து, கேக் துண்டு, இரண்டே இரண்டு மக்ரூன், மேலே பூப்போட்ட துணி. நண்பனின் தங்கையும் நானும் தெருவில் ஒரு வீடு விடாமல் போனோம். எந்த வீட்டிலும் தட்டை வெறுமனே திருப்பித் தரவில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுத்தார்கள். ஒரு முஸ்லிம் வீட்டில் அந்த அம்மா எங்களை உட்கார வைத்து, "நீ அந்த பேக்கரில இருக்கியா? இந்த வருசம் மக்ரூன் நல்லா வந்திருக்கு, மழையிலயும் நமக்கல" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாஸ்டருக்குப் போன் போட்டு அதை அப்படியே ஒப்பித்தேன். "எந்தத் தெரு? யாரு சொன்னா? சரியாச் சொல்லு" என்று இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மதியம் மட்டன் பிரியாணி. சாயங்காலம் ரோச் பூங்காவுக்குப் போனோம். கூட்டம் தாங்கவில்லை. ரோச் என்றதும் பிஷப் திபூர்சியஸ் ரோச் பற்றிப் பேச்சு வந்தது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் தொடங்கியபோது முதல் ஆயராக வந்தவர் அவர். ஐஸ்கிரீம் வண்டிக்கு முன் வரிசையில் நின்றபோது நண்பனின் அப்பா சொன்ன தகவல் இது. அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியமும் இதுதான்.

டிசம்பர் 27, சனி

ஒரு நாள் ஓய்வு, மறுபடி பேக்கரி. அண்ணாச்சி கணக்கு முடித்துக் கூலியைக் கொடுத்தார். தனியாக ஒரு கவரில் கொஞ்சம் கூடுதலாகவும். ஊருக்குக் கிளம்புவதாகத்தான் இருந்தேன். ஆனால் புத்தாண்டு கேக்குக்கு ஆர்டர் புத்தகத்தில் ஏற்கனவே நாலு பக்கம் நிரம்பிவிட்டது, எல்லாம் 31ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கு முன்னால் வேண்டும் என்கிறார்கள். சீசனுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

"இருக்கியா?" என்றார் மாஸ்டர்.

"கூம்பு பிழியக் கத்துக்கொடுத்தா இருக்கேனுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. காகிதத்தைக் கிழித்துச் சுருட்டி, வெறும் சர்க்கரை க்ரீமை நிரப்பிக் கையில் கொடுத்தார். மதியத்தில் இருந்து தட்டைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் 'புத்தாண்டு வாழ்த்துகள்' என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். 'ழ்' இடம் பிடித்துக்கொள்கிறது, அரைக் கிலோ கேக்கில் 'கள்' கீழே இறங்கிவிடுகிறது. பேக்கிங் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, அரைக் கிலோவுக்கு வெறும் '2026' போதும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். அண்ணாச்சியிடம் நாளைக் காலை கேட்க வேண்டும்.